ஒரே விமான நிலையம், இரண்டு வாசல்: ஜெனீவாவில் வாடகைக் காரை எந்தப் பக்கம் எடுப்பது?

கேள்வி: டிசம்பர் 24 காலை ஜெனீவாவில் இறங்குகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், முழங்கால் வலியுள்ள என் அத்தை என ஐந்து பேர். முதல் இரண்டு இரவு ஜெனீவா, அடுத்த மூன்று இரவு பிரான்ஸில் ஷமோனி, பிறகு நான்கு இரவு இன்டர்லாக்கன். ஜனவரி 2 மாலை ஜெனீவாவிலிருந்தே திரும்புகிறோம். அத்தைக்காகத்தான் ரயில் வேண்டாம், கார் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இணையத்தில் தேடினால் ஒரே விமான நிலையத்துக்கு ‘ஸ்விஸ் பகுதி’, ‘பிரெஞ்சுப் பகுதி’ என்று இரண்டு காட்டுகிறது. பிரெஞ்சுப் பகுதியில் எடுத்தால் மொத்தத்தில் 250 யூரோ வரை குறைகிறது. அதையே எடுத்துவிடலாமா? லோசானில் இருக்கும் என் கல்லூரித் தோழியின் கணவர் மலைப்பாதையில் தாம் ஓட்டித் தருவதாகச் சொல்கிறார். அதில் ஏதும் சிக்கல் உண்டா?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயணத்துக்கு ஸ்விஸ் பகுதிதான் சரி. ஆனால் இறங்கிய அன்றே எடுக்காதீர்கள், 26ஆம் தேதி காலை எடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அந்த 250 யூரோ உங்கள் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் தெரியாமல் அதை விட்டுக்கொடுக்கவும் கூடாது.

முதலில் இந்த இரண்டு பகுதிக் கதை. ஜெனீவா விமான நிலையம் முழுக்க ஸ்விட்சர்லாந்து மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் பிரான்ஸ் எல்லையை ஒட்டியே இருப்பதால் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, கட்டடத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுப் பகுதியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து இருபுறமும் வேலி போட்ட ஒரு சுங்கச் சாலை (டோல் கட்டும் சாலை இல்லை, சுங்க எல்லைக்காகத் தனியே பிரித்த சாலை) நேராகப் பிரான்ஸின் ஃபெர்னே-வால்தேர் ஊருக்குப் போகிறது. தத்துவஞானி வால்தேர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அதே ஊர். ஸ்விட்சர்லாந்து ஷெங்கன் வட்டத்தில் இருப்பதால் இரு பகுதிகளுக்கும் நடுவே வழக்கமாகப் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வட்டத்துக்கு வெளியே இருக்கும் நாடு, அதனால் சுங்க எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது. ‘பிரெஞ்சுப் பகுதி’ என்று பதிவு செய்தால் உங்களுக்குக் கிடைப்பது பிரெஞ்சு நம்பர் பிளேட் போட்ட, யூரோவில் பணம் கட்டும், பிரான்ஸ் விதிகளுக்கு உட்பட்ட வண்டி. இரண்டு கவுன்டருக்கும் நடந்து போகும் தூரம்தான், ஆனால் கணக்குக்கு அவை இரண்டு வெவ்வேறு நாட்டுக் கிளைகள்.

இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் விடலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். அப்படி விட்டால் ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டதாகத்தான் கணக்கு. அதற்கான கட்டணத்தைப் பார்த்தால் நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எங்கே போனது என்றே தெரியாது. எடுத்த பக்கத்திலேயே விட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முடிச்சு விழுவது இங்கேதான். விலையைப் பார்க்கும்போது எல்லோரும் வண்டி எடுக்கும் நாளை மட்டும் நினைக்கிறோம், திருப்பிக் கொடுக்கும் நாளை நினைப்பதில்லை. ஜனவரி 2 நீங்கள் இன்டர்லாக்கனிலிருந்து வருகிறீர்கள். பெர்ன், லோசான் வழியாக வரும் சாலை முழுக்க ஸ்விட்சர்லாந்துக்குள்ளேதான், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வண்டி ஸ்விஸ் பகுதியுடையது என்றால் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து விமான நிலையத்துக்கு இறங்கினால் முடிந்தது. பிரெஞ்சுப் பகுதியுடையது என்றால் விமான நிலையம் கண்ணெதிரே தெரிந்தாலும் உள்ளே போக முடியாது. ஓடுபாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியே ஃபெர்னேக்குள் நுழைந்து, அங்கிருந்து அந்தச் சுங்கச் சாலையைக் கண்டுபிடித்துத் திரும்பி வர வேண்டும். வழக்கமாக வந்து போகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்க, பின் இருக்கையில் குழந்தைகள் சிணுங்க, கைபேசி வரைபடம் ஸ்விஸ் பக்க வாசலுக்கே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு போக, முதல் முறை வருகிற ஒருவர் படும் பாட்டை நான் என் வாடிக்கையாளர்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன்.

போகும் வழியும் அப்படித்தான். விமான நிலையத்திலிருந்து ஷமோனிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். ஸ்விஸ் பகுதியிலிருந்து கிளம்பினால் ஏ1 நெடுஞ்சாலையில் ஜெனீவாவைச் சுற்றிக்கொண்டு பார்தொனே எல்லையைத் தாண்டி, பிரான்ஸின் ஏ40 சாலையைப் பிடித்துவிடலாம். ஒன்றேகால் மணி நேரத்துப் பயணம். பிரெஞ்சுப் பகுதியிலிருந்து கிளம்பினால் ஃபெர்னேயில்தான் வெளியே வருவீர்கள், ஏ40 இருப்பதோ ஜெனீவாவுக்கு மறுபக்கம். ஜூரா மலையடிவாரமாகப் போய் வல்செரோன் பக்கம் சுற்ற வேண்டும், அல்லது மறுபடி ஸ்விட்சர்லாந்துக்குள் வந்து அதே ஏ1-ஐப் பிடிக்க வேண்டும்.

அந்த ஏ1-இல் ஏறுவதற்கு வின்யெட் என்ற சாலைக் கட்டண ஒட்டுவில்லை வேண்டும். ஸ்விஸ் நெடுஞ்சாலைகளில் நம்மூர் டோல்கேட் போல வழிமறித்து வசூலிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரே கட்டணம், 40 பிராங்க். ஒரு நாள் ஓட்டினாலும் அதேதான், குறுகிய கால வின்யெட் என்று ஒன்று கிடையாது. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதோடு வின்யெட்டையும் வாங்க வேண்டும். வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு நிர்வாகக் கட்டணம் சேர்க்கும். ஸ்விஸ் வாடகை வண்டிகளில் இது ஏற்கெனவே இருக்கும். பிரெஞ்சு வண்டியில் பெரும்பாலும் இருக்காது, நீங்களே வாங்க வேண்டியிருக்கும். 2023 ஆகஸ்ட் முதல் மின் வின்யெட்டும் விற்கிறார்கள். அது வண்டியின் நம்பரோடு இணைந்தது என்பதால் கோவையில் உட்கார்ந்துகொண்டு முன்கூட்டி வாங்கி வைக்க வழியில்லை, சாவி கைக்கு வந்த பிறகுதான் முடியும். உங்கள் பயணம் ஆண்டு மாறும் நேரத்தில் வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஓராண்டின் வின்யெட் அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை செல்லும். புதிய ஆண்டுக்கானது டிசம்பர் 1 முதலே செல்லுபடியாகும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது டயர். நீங்கள் போவது நடுக்குளிர்காலம், போகும் இடம் மோன் பிளான் மலையடிவாரம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பிரான்ஸின் மலைப் பகுதிகளில் குறிப்பிட்ட ஊர்களுக்குள் ஓட்டும் வண்டியில் பனிக்கால டயர் இருக்க வேண்டும், அல்லது பனிச் சங்கிலி இருக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. ஷமோனி அந்தப் பகுதிக்குள் வருகிறது. ஸ்விஸ் பகுதி வண்டிகள் குளிர்காலத்தில் வழக்கமாகவே பனிக்கால டயரோடு வரும். பிரெஞ்சுப் பகுதியில் அது தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வசதியாகவோ, வெறும் சங்கிலியாகவோ இருக்கலாம். நீங்கள் பார்த்த குறைந்த விலையில் இது அடங்கியிருக்கிறதா என்று பதிவுப் பக்கத்தின் அடியில் இருக்கும் விதிகளைத் திறந்து பாருங்கள். அடங்கவில்லை என்றால் நாள் கணக்கில் அதைக் கூட்டி, வின்யெட்டையும் சேர்த்து, பிறகு இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 250 யூரோ வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும். உறைபனியே பார்த்திராத ஓட்டுநருக்கு, இருட்டில், கை விறைக்கச் சாலையோரம் குனிந்து சங்கிலி மாட்டும் வேலை வேண்டவே வேண்டாம். எந்தப் பக்கம் எடுத்தாலும் கவுன்டரிலிருந்து நகரும் முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்படிகம் வரைந்த குறி இருக்க வேண்டும். பிரெஞ்சு விதி இப்போது அந்தக் குறியுள்ள டயரைத்தான் ஏற்கிறது.

தோழியின் கணவர் ஓட்டுவது பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர், உதவுகிறேன் என்கிறார். ஆனால் அவர் ஸ்விட்சர்லாந்தில் வசிப்பவர். ஒரு நாட்டில் குடியிருப்பவர், சுங்க எல்லைக்கு அப்பால் பதிவான வண்டியைத் தம் நாட்டுக்குள் ஓட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, வண்டிக்குச் சுங்கம் கட்டச் சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சு நம்பர் வண்டியை அவர் ஸ்விட்சர்லாந்துக்குள் ஓட்டினால் இந்தச் சிக்கல் வரும். நீங்களும் உங்கள் கணவரும் இந்தியாவில் வசிப்பவர்கள் என்பதால் உங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஸ்விஸ் வண்டி என்றால் அவருக்கும் தொல்லை இல்லை. கூடுதல் ஓட்டுநராக அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுங்கள், அதற்கு அவரே உரிமத்தோடு கவுன்டருக்கு வர வேண்டியிருக்கும். பெயர் ஏறாதவர் ஓட்டி ஏதாவது நடந்தால் காப்பீடு உங்களைக் கைவிட்டுவிடும். இதே காரணத்தால், பாரிஸில் உறவினர் யாராவது இருந்து ஷமோனிக்கு வந்து சேர்ந்துகொண்டால், ஸ்விஸ் வண்டியின் சாவியை அவர் கையில் கொடுக்காதீர்கள். தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாட்டிலும் பரவியிருப்பதால் இந்தத் தவறு நம்மவர்களுக்கு எளிதில் நேரும்.

இனி, ஏன் 26ஆம் தேதி என்பது. சென்னை, கோவை எங்கிருந்து கிளம்பினாலும் ஜெனீவாவுக்கு நேரடி விமானம் கிடையாது. இரவெல்லாம் பயணம் செய்து, நடுவில் விமானம் மாறி, தூக்கம் கெட்டு வந்து இறங்குவீர்கள். உங்கள் கணவர் வாழ்நாளெல்லாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது வலப்பக்கம். குறியீடு ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவருக்குத்தான் வழிவிட வேண்டும். இரண்டு நாட்டிலும் இதுதான் விதி. ஜெனீவா நகருக்குள்ளோ டிராம் தண்டவாளமும் ஒருவழிச் சாலையும் நிறைய. இந்த நிலையில் அன்றே ஸ்டியரிங் பிடிப்பது ஐந்து உயிர்களை வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை. அந்த இரண்டு நாளும் கார் உங்களுக்குத் தேவையும் இல்லை. விமான நிலையத்துக்கு உள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, நகரின் மைய நிலையமான கொர்னவானுக்கு ஏழே நிமிடம். ஜெனீவாவில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நகரப் போக்குவரத்து அட்டை இலவசமாகத் தருகிறார்கள். அத்தைக்கு நடை குறைவாக இருக்க, கொர்னவானுக்குப் பக்கத்திலேயே அறை பாருங்கள். இறங்கிய அன்று பெட்டிகளோடு சிரமம் என்று பட்டால் டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் கார் வாடகையோடும் நிறுத்துமிடக் கட்டணத்தோடும் ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிதில்லை.

நீங்கள் 24 முதல் 2 வரைக்கும் விலை பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 26 காலை 10 மணியிலிருந்து போட்டுப் பாருங்கள். இரண்டு நாள் வாடகை குறைந்து, ஸ்விஸ் பகுதியின் மொத்த விலை எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும். 250 யூரோவை மீட்க நேர்மையான வழி இதுதான்.

அப்படியென்றால் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போகாமல், நகரக் கிளையிலேயே எடுக்கலாமே என்று தோன்றும். மற்ற நாட்களில் நானே அதைத்தான் சொல்வேன், விமான நிலையக் கிளைகள் அதற்கென்று தனிக் கட்டணம் சேர்ப்பதால். ஆனால் நகரக் கிளைகள் ஞாயிறும் விடுமுறை நாளும் மூடியிருக்கும், மற்ற நாளில் மாலையிலேயே அடைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எந்தக் கிளை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை நம்பி ஐந்து பேர் பெட்டியோடு நிற்க வேண்டாம். விமான நிலையக் கவுன்டர் பண்டிகை நாளிலும் நெடுநேரம் திறந்திருக்கும், வண்டியில் ஏதும் குறை இருந்தால் மாற்றித் தரவும் அங்கே வேறு வண்டி நிற்கும். உங்கள் கணவர் மட்டும் காலையில் ரயிலேறிப் போய் எடுத்து வரட்டும் என்று திட்டமிடாதீர்கள். புது வண்டியோடு முதல் முறையாகத் தனியே ஜெனீவா நகருக்குள் நுழைய வேண்டியிருக்கும். எல்லோருமே டாக்ஸியில் விமான நிலையம் போய்விடுங்கள், அங்கிருந்து நேரே நெடுஞ்சாலை. ஆனால் 26 சனிக்கிழமையாக வருகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்கள். குளிர்காலச் சனிக்கிழமைகளில் பனிச்சறுக்குக்காக வருகிற கூட்டத்தால் அந்த விமான நிலையமும் ஷமோனி சாலையும் திணறும். சனி என்றால் காலை 8 மணிக்கே கவுன்டரில் இருங்கள். எப்படிப் பார்த்தாலும் மாலை 5 மணிக்குள் இருட்டிவிடும், வெளிச்சத்திலேயே ஷமோனி போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்தாது என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்ஸ் பக்கம் மட்டும் சுற்றுகிறவர்கள் ஜெனீவாவிலிருந்து லெமான் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆன்சி போய் அங்கே வண்டி எடுக்கலாம். 2019 டிசம்பரில் தொடங்கிய எல்லை தாண்டும் ரயில் சேவை அது. பிரெஞ்சு விலை கிடைக்கும், சுங்கச் சாலைத் தொல்லை இல்லை. சிறு ஊர்க் கிளைகளில் நண்பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நான்கு இரவு இன்டர்லாக்கனில் தங்குவதால் ஸ்விஸ் வண்டிதான் வசதி.

ஷமோனியிலிருந்து இன்டர்லாக்கன் போக ஜெனீவாவுக்குத் திரும்ப வேண்டாம். மார்த்தினி வழியாக மலையைக் கடந்து மோன்த்ரோ, பெர்ன் என்று போய்விடலாம். கனத்த பனி பொழிந்தால் அந்தக் கணவாய்ச் சாலையை அடைத்துவிடுவார்கள், அன்று காலை ஹோட்டலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இந்த ஒரு நாளுக்குத்தான் தோழியின் கணவரை அழைப்பேன் நான்.

பதிவு செய்யும்போது வசிக்கும் நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே போடுங்கள், காப்பீட்டில் எது அடங்கும் என்பதே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. கியர் வண்டி வேண்டாம், ஆட்டோமேட்டிக் என்று தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர், அதில் இரண்டு குழந்தை இருக்கை, குளிர் உடைகளோடு பெட்டிகள் என்றால் சாதாரணக் காரில் அடங்காது. அத்தைக்குக் காலை நீட்ட இடம் வேண்டும், ஏழு இருக்கை வண்டியாகப் பாருங்கள். மகனுக்கும் இருக்கை கேளுங்கள். பிரான்ஸில் 10 வயதுக்கு மேல் தேவையில்லை. ஸ்விட்சர்லாந்தில் 12 வயது ஆகும் வரை, அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும் வரை கட்டாயம். அவன் இன்னும் அந்த உயரத்தை எட்டவில்லை என்றால் வேண்டும்.

கணவரின் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும். கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். இங்கே வாங்காமல் போனால் அங்கே வாங்க முடியாது. கவுன்டரில் முன்பணத்தை முடக்கி வைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். உங்கள் பெயரில் இருக்கும் கார்டை அவருக்காக நீட்டினால் ஏற்க மாட்டார்கள். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும், 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அப்படி. கிளம்பும் முன் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி, பின் நம்பரையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிட்டு பிராங்கிலேயே கட்டுங்கள். ரூபாயாக மாற்றும் விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கடைசியாக, பணம் கட்டும் முன் உறுதிச் சீட்டில் எடுக்கும் இடம், விடும் இடம் இரண்டையும் படியுங்கள். இரண்டிலும் ஸ்விஸ் பகுதி என்றே இருக்க வேண்டும். ‘விமான நிலையம்’ என்று மட்டும் போட்டு, முகவரியில் தொலைவில் உள்ள வேறு தெரு இருந்தால் அது வேன் ஏறிப் போக வேண்டிய கிளை. அத்தையை வைத்துக்கொண்டு அது வேண்டாம், கவுன்டர் முனையத்துக்குள்ளேயே இருக்கும் நிறுவனமாகத் தேர்ந்தெடுங்கள். இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு இந்த வாரமே பதிந்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏழு இருக்கை ஆட்டோமேட்டிக் வண்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.